வண்டி மருத்துவம்: பிரைமரி செயின் டென்ஷனர் பற்றி உங்கள் கேள்விகள்

சென்ற இதழில் புல்லட்டின் பிரைமரி செயினைப் பற்றி (இன்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் செயின்) எழுதியபோது, "வெளி மார்க்கெட் டென்ஷனர் வாங்கும்போது கவனமாக இருங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். டென்ஷனர் என்பது அந்தச் செயின் தொங்கி ஆடாமல் தாங்கும் பாகம், வெளி மார்க்கெட் என்றால் வண்டிக் கம்பெனி அல்லாதவர்கள் செய்தது. அந்த வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. கவனம் என்றால் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்வி. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

என்னிடம் 1997 மாடல் புல்லட் 350 இருக்கிறது. ஐடிலில் இடது பக்கம் கடகடவென்று சத்தம் வந்ததால் பிரைமரி டென்ஷனர் பேடை மாற்றினேன். கம்பெனி சாமான் இல்லை என்று சொல்லிக் கடைக்காரர் லோக்கல் பேட் ஒன்று கொடுத்தார். மூன்று மாதம் சத்தமே இல்லை. இப்போது முன்பைவிட அதிகமாகக் கேட்கிறது. கவரைத் திறந்து பார்த்தால் பேடின் மேலிருந்த ரப்பர் அப்படியே உரிந்து அடியில் கிடக்கிறது. டென்ஷனரே இப்படித்தானா, நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருச்செங்கோடு

ஏமாந்தது உண்மைதான், ஆனால் பேடில் மட்டுமில்லை. முதலில் அந்தப் பேடுக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனி, ஆனால் இரண்டும் நகராதபடி போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸையே பின்னால் தள்ளிப் பிரைமரி செயினை டைட் வைப்பார்கள். புல்லட்டில் அது முடியாது, அதனால்தான் செயினுக்கு அடியில் ஒரு வளைந்த பேடும் அதை மேலே தள்ள ஒரு ஸ்க்ரூவும் லாக்நட்டும். வண்டி இழுக்கும்போது செயினின் மேல் பக்கம்தான் விறைப்பாக நிற்கும், கீழ்ப் பக்கம் தொங்கும். அந்தத் தொங்கல் ஆடாமல் தாங்கிக்கொள்வதுதான் பேடின் வேலை. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் எல்லாம் தலைகீழ். பின் சக்கரம் இன்ஜினை இழுக்கும், கீழ்ப் பக்கம் விறைத்துக்கொள்ளும், அந்த விறைப்பு முழுக்கப் பேடின் மேல் இறங்கும். ஏற்காட்டிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கி வரும்போது கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி அந்த ரப்பர் வாங்குகிற அடி சாதாரணம் இல்லை. அதுவும் சூடான ஆயிலில் ஊறிக்கொண்டே.

நல்ல பேடில் ரப்பரை இரும்புப் பட்டையோடு சேர்த்துச் சூட்டில் வார்த்திருப்பார்கள், இரண்டும் ஒரே உடம்பாக இருக்கும். மட்டமான பேடில் வெட்டிய ரப்பர் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சூடான ஆயிலில் பசை இளகியதும் செயின் அதை ஓரத்திலிருந்து கிளப்ப ஆரம்பிக்கும், அப்புறம் ஒரே நாளில் மொத்தமும் உரிந்துவிடும். அதன் பிறகு செயின் நேராக இரும்பின் மேல் ஓடும். உங்களுக்கு இப்போது கேட்கும் சத்தம் அதுதான்.

பேடில் மட்டுமில்லை என்று சொன்னேனே, அது இதற்காக. பழைய பேட் தேய்ந்ததால்தான் முதலில் சத்தம் வந்ததா என்று யாராவது பார்த்தார்களா? செயினே நீண்டு போயிருந்தால் புதுப் பேடை வைத்து மேலே தள்ளித் தள்ளிச் சத்தத்தை அடக்கலாம், கொஞ்ச நாளைக்கு. ஸ்க்ரூ கடைசி வரை ஏறிய நிலையில் இருந்ததா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் மாற்ற வேண்டியது செயினை. இன்ஜின் ஸ்பிராக்கெட்டின் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டால் அதையும் கூடவே மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் செயின் சீக்கிரம் போய்விடும்.

இப்போதைக்கு வண்டியை ஓட்டாதீர்கள். ரப்பர் துணுக்கு ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்து, செயின்கேஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிளட்சைக் கழற்றிப் பிளேட்களுக்கு இடையில் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கவரின் உட்புறம் செயின் உரசிய கோடு இருந்தால் அலுமினியத் தூளும் கலந்திருக்கும், அதையும் துடைத்து எடுக்க வேண்டும்.

சார், சத்தம் வரக்கூடாது என்று சொன்னதால் எங்கள் மெக்கானிக் பிரைமரி செயினை நன்றாக டைட் வைத்துக் கொடுத்தார். டென்ஷனரும் புதுசு, வெளியில் வாங்கியது. சத்தம் நின்றது, ஆனால் வேகம் எடுக்கும்போது ஊளையிடுவது போல் ஒரு புதுச் சத்தம். டிராபிக்கில் நியூட்ரலும் விழ மாட்டேன் என்கிறது. டென்ஷனர் டூப்ளிகேட் என்பதால் இப்படியா?
– வாசகர், தாம்பரம்

இல்லை தம்பி, இதில் டென்ஷனரைக் குறை சொல்ல முடியாது. ஒரிஜினலையே இப்படி முறுக்கி வைத்திருந்தாலும் இதே ஊளைதான்.

எந்தப் பிரைமரி செயினும் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் ஆட வேண்டும். பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டுக்கு மேல் பக்கத்தின் நடுவில் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் ஆட்டம் வைப்பது வழக்கம். ஏன் ஆட்டம் வேண்டும் என்றால், இன்ஜின் சூடாகும்போது அலுமினிய உடம்பு இரும்புச் செயினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள தூரம் நூலளவு கூடினால் போதும், செயினின் ஆட்டத்தில் பல மில்லிமீட்டர் போய்விடும். துணி காயப்போடக் கட்டிய கயிற்றைக் கவனித்திருப்பீர்கள், ஒரு முனையைக் கொஞ்சமாக இழுத்தாலே நடுவில் தொங்கல் மொத்தமும் காணாமல் போகும் இல்லையா, அதே கணக்கு. காலையில் பட்டறையில் "கச்சிதம்" என்று வைத்த செயின் ஜி.எஸ்.டி. ரோட்டில் மத்தியான வெயிலில் வீணைக் கம்பி மாதிரி ஆகிவிடும்.

அந்த விறைப்பு எங்கே போகும்? ஒரு பக்கம் கிராங்க் பேரிங், இன்னொரு பக்கம் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பேரிங். இரண்டையும் ராத்திரி பகல் பாராமல் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் டிரம்மும் ஒரு பக்கமாக இழுபடுவதால் பிளேட் சுத்தமாகப் பிரியாது, நியூட்ரல் விழாததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பேடின் விலை என்ன, கிராங்க் பேரிங் மாற்ற இன்ஜினைப் பிளக்கும் கூலி என்ன? யோசித்துப் பாருங்கள், நாளைக்கே போய் லூஸ் வைத்துவிட்டு வாருங்கள். லேசான சத்தம் திரும்பி வந்தால் அது ஆரோக்கியமான சத்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் தொழில் கற்ற பட்டறையில், கஸ்டமர் சத்தம் என்று வந்தால் முதலில் டென்ஷனரைத்தான் ஏற்றுவோம், ஐந்து நிமிஷ வேலை, அவரும் சந்தோஷமாகப் போவார். அப்படி நான் ஏற்றி அனுப்பிய ஒரு வண்டி ஆறு மாதத்தில் பேரிங் நொறுங்கித் தள்ளிக்கொண்டு வந்தது. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவே இல்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. சத்தத்தை நிறுத்துவதும் கோளாறைச் சரி செய்வதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

2014 கிளாசிக் 350. ஆயில் மாற்றும்போது வடிகட்டியில் கறுப்பாக, மெதுமெதுவென்று சின்னச் சின்னத் துணுக்குகள். போன வருஷம் பிரைமரி டென்ஷனர் பேட் லோக்கலில் போட்டோம். அதிலிருந்துதான் வருகிறதா? ஆபத்தா?
– வாசகர், காரைக்குடி

அதிலிருந்து வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஆபத்தும்தான். மேலே திருச்செங்கோடு வாசகரைவிட உங்கள் நிலைமை மோசம். அவருடைய பழைய புல்லட்டில் பிரைமரிக்குத் தனி ஆயில், அதனால் குப்பை செயின்கேஸோடு நின்றுவிட்டது. உங்களுடையது இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகிற யூ.சி.இ. இன்ஜின். பேடிலிருந்து உதிர்வது எல்லாமே ஆயிலில் கலந்து, ஆயில் தேங்கும் அடிப்பகுதியான சம்ப்புக்குப் போகும், அங்கே வடிகட்டியின் வலையை அடைக்கும். வலை அடைத்தால் ஆயில் பம்புக்கு இழுக்க ஆயில் இல்லை. இந்த இன்ஜினில் வால்வ் லிஃப்டர்களும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன, மேலே டிக் டிக் சத்தம் கேட்க ஆரம்பித்தால் அதை டென்ஷனரோடு சேர்த்து யோசியுங்கள்.

இடது கவரைத் திறந்து பேடைப் பாருங்கள். இந்த இன்ஜினில் டென்ஷன் தானாகவே அமைந்துகொள்ளும், நாம் ஸ்க்ரூ வைத்து ஏற்றுவதில்லை, அதனால் பேடின் உயரமும் வளைவும் கம்பெனி அளவிலிருந்து கொஞ்சம் மாறினாலும் அதைச் சரிக்கட்ட நமக்கு வழி கிடையாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: யூ.சி.இ. வண்டிக்கு ஒரிஜினல் பேட்தான், ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் சரி. மாற்றிய பிறகு வலையைக் கழுவி, பேப்பர் ஃபில்டரைப் புதுசு போட்டு, புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓட்டியதும் அந்த ஆயிலையும் ஒரு முறை வடித்துப் பாருங்கள், மூலை முடுக்கில் நின்ற துணுக்கு அப்போதுதான் வரும்.

ஸ்பிளெண்டரில் கிரகிர சத்தம். "செயின் டென்ஷனர் போச்சு" என்கிறார் மெக்கானிக். நீங்கள் சொல்லும் டென்ஷனர்தானா?
– வாசகி, மன்னார்குடி

இல்லைம்மா. ஸ்பிளெண்டரில் கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போவது பல் சக்கரம், பிரைமரி செயினே கிடையாது. அவர் சொல்வது மேலே வால்வை இயக்கும் டைமிங் செயினின் டென்ஷனர். அது வேறு சாமான், வேறு வேலை. ராயல் என்ஃபீல்டின் புது மீட்டியோர், 650 இன்டர்செப்டர் இவற்றிலும் பிரைமரி செயின் இல்லை, அங்கேயும் பல் சக்கரம்தான்.

எஸ்டி ரோட்கிங் வைத்திருக்கிறேன். அதற்கு வெளி மார்க்கெட் டென்ஷனர் கிடைக்குமா?
– வாசகர், ஓசூர்

பழைய ஜாவா, எஸ்டி இரண்டிலும் பிரைமரி செயினுக்கு டென்ஷனரே கிடையாது. நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டியதுதான். யாராவது "மாடிஃபை பண்ணி டென்ஷனர் வைத்துத் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் சென்னையில் 2012 ஹார்லி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். அதில் பிரைமரி டென்ஷனர் தானியங்கி. அது அளவுக்கு மீறி டைட் ஆகிவிடும், கழற்றிவிட்டு வெளி மார்க்கெட்டில் கையால் அட்ஜஸ்ட் செய்யும் டென்ஷனர் போடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர்தான் நல்லது என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், அண்ணா நகர்

நண்பரே, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

ஹார்லியின் பெரிய இன்ஜின் வண்டிகளில் முன்பு பிரைமரி டென்ஷனர் கையால் வைப்பதுதான். 2006-ல் டைனா வரிசையிலும், 2007 முதல் மற்ற பெரிய மாடல்களிலும் தானியங்கி டென்ஷனர் வந்தது. அதில் ஒரு ஆப்பு இருக்கும், ஸ்பிரிங் அதைத் தள்ளும், தள்ளத் தள்ள பேட் மேலே ஏறும். ஏறியது இறங்காதபடி ரம்பப் பல் போல வெட்டியிருக்கும். அதாவது ஒரு வழிப் பாதை. செயின் தேயத் தேயத் தானாக ஏறிக்கொள்ளும் என்பது அதன் நல்ல பக்கம். குளிர்ந்திருக்கும்போது இன்ஜின் ஒரு முறை உதைத்துத் திரும்பினாலோ, எடுத்ததும் முறுக்கினாலோ, செயின் ஒரு கணம் துள்ளித் தொங்கும், அந்த ஒரு கணத்தில் ஆப்பு ஒரு பல் கூடுதலாக ஏறிக்கொள்ளலாம். அப்புறம் இன்ஜின் சூடாகி உடம்பு விரியும்போது அதனால் திரும்பி இறங்க முடியாது. தாம்பரம் வாசகரின் மெக்கானிக் கையால் செய்ததை இது தானாகவே செய்துவிடுகிறது.

இதற்காகச் சந்தையில் வந்தவைதான் நண்பர்கள் சொல்லும் இரண்டு வகையும். கையால் வைக்கும் வகையில் நீங்கள் வைத்த இடத்தில் பேட் நிற்கும், ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நல்ல விஷயம். ஆனால் அதைப் போட்டவர்கள் பலர் மறந்துவிடுகிற ஒன்று உண்டு, இனிமேல் செயினைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கையால் வைக்கும் பழைய ஹார்லிகளுக்குச் சொன்ன அளவு, குளிர்ந்த நிலையில் 16 முதல் 22 மில்லிமீட்டர் ஆட்டம், சூட்டில் 10 முதல் 16 மில்லிமீட்டர். புல்லட்டைவிட எவ்வளவு தாராளமாக ஆடுகிறது பாருங்கள்! புல்லட் பழக்கத்தில் வந்த கை இதைப் பார்த்ததும் "ரொம்ப லூஸ்" என்று ஏற்றிவிடும், ஏற்ற விடாதீர்கள்.

ஸ்பிரிங் வகை விறைப்பையும் தொங்கலையும் பார்த்து ஏறி இறங்கும், சூட்டில் இடம் கொடுக்கும், அதனால் அளவு மீறி டைட் ஆகும் பயம் குறைவு. ஆனால் ஆக்ஸிலேட்டரை விடும்போது கீழ்ப் பக்கம் விறைத்துப் பேடை அமுக்கும் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதை இங்கே தாங்குவது ஸ்பிரிங் ஒன்றுதான். ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் செயின் அதை அடித்துக்கொண்டே இருக்கும், தடிமனாக இருந்தால் பேடை எப்போதும் செயினில் அழுத்தித் தேய்த்துவிடும். தயாரிப்பவர் அதைச் சரியாகக் கணக்குப் போட்டாரா என்பது கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது, பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, கவரைத் திறந்து பேடின் தேய்மானத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், முதலில் எதையும் கழற்றாதீர்கள். இன்ஸ்பெக்ஷன் கவரைத் திறந்து, குளிர்ந்த நிலையில் செயினைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தாராளமாக இருந்தால் உங்கள் டென்ஷனருக்கு எந்தக் கோளாறும் இல்லை, நண்பர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுங்கள். கம்பி மாதிரி விறைத்து நின்றால் மாற்றலாம், அப்போது நான் கையால் வைக்கும் வகையைத்தான் சொல்வேன், சர்வீஸுக்கு சர்வீஸ் திறந்து பார்க்கும் ஆளாக நீங்கள் இருந்தால். இல்லையென்றால் தானியங்கியையே கழற்றிச் சரியாகப் பின்னுக்கு இறக்கி மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய டென்ஷனரைத் தூக்கிப் போடாதீர்கள், புதியது சரியில்லையென்றால் திரும்பப் போட அது வேண்டும்.

ஜி.பி. ரோட்டில் ஒரே பேடுக்கு நாலு கடையில் நாலு விலை சொல்கிறார்கள். பார்த்து வாங்குவது எப்படி?
– வாசகர், பெரம்பூர்

பழைய பேடைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் முக்கியம். இரண்டையும் முதுகோடு முதுகு வைத்தால் வளைவு ஒன்றா, துளை நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரப்பரின் ஓரத்தை நகத்தால் நெம்புங்கள், மயிரிழை இடைவெளி தெரிந்தாலே அது ஒட்டிய சாமான், வைத்துவிட்டு வாருங்கள். இரும்பின் ஓரங்கள் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

அப்பாவின் 1992 புல்லட்டை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பிரைமரி செயின் அட்ஜஸ்ட்மெண்டை நானே செய்ய ஆசை. முடியுமா அண்ணா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

தாராளமாக முடியும், கடிதத்தைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. முதல் தடவை அரை நாள் ஒதுக்குங்கள், வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்கட்டும்.

இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்றுங்கள். கவருக்கு அடியில் அகலமான தட்டு வையுங்கள், கவர் விலகியதும் ஆயில் மொத்தமும் கொட்டும். நடுவில் இருக்கும் ஒரே நட்டை எடுத்தால் கவர் வந்துவிடும், வராவிட்டால் உள்ளங்கையால் தட்டுங்கள், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், அந்த ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்தால் ஆயுசுக்கும் ஒழுகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்கி இன்ஜினைச் சுற்றலாம். கொஞ்சம் சுற்றுவது, மேல் பக்கச் செயினின் நடுவில் விரலால் அசைத்துப் பார்ப்பது, மறுபடி சுற்றுவது. ஓர் இடத்தில் லூஸாகவும் இன்னோர் இடத்தில் டைட்டாகவும் இருக்கும், செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை. மிக டைட்டான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே 6 மில்லிமீட்டர் வையுங்கள். லூஸான இடத்தில் வைத்தால் டைட்டான இடம் வரும்போது ஆட்டமே இருக்காது, பலரும் தப்பு செய்வது இங்கேதான். லாக்நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ லேசாகத் திரும்பிவிடும்.

மாட்டும்போது கவரின் ரப்பர் வளையம் விறைத்துப் போயிருந்தால் புதுசு போடுங்கள். நடு நட்டை வெறி கொண்டு இறுக்க வேண்டாம், கவர் வளைந்தால் புது ரப்பரும் ஒழுகும். லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, அதன் வழியே ஆயில் எட்டிப் பார்க்கும் வரை ஊற்றினால் போதும். கார் ஆயில் வேண்டாம், அதில் சில வகை கிளட்சை வழுக்கச் செய்யும், பைக் ஆயிலே ஊற்றுங்கள். பிரேக் பெடலை மாட்டியதும் பிரேக்கை அமுக்கிப் பாருங்கள், பின் சக்கரம் நிற்கிறதா, விட்டதும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று. அதைப் பார்க்காமல் வண்டியை வாசலைத் தாண்டி எடுக்காதீர்கள்.